மசாஜுக்குப் போகும் முன் நிரப்ப வேண்டிய படிவம்

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் பிரிவு, ஆடி பிறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கிளப் ஹவுஸில் நடத்திய மாதக் கூட்டத்தில் பேசியது. வர முடியாத பலர் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)



செயலாளர் சார் என்னிடம், "வங்கி நாமினேஷன் பத்தி இன்னொரு தடவை பேசுங்களேன்" என்றுதான் கேட்டார். போன வருஷம் அதைப் பேசியபோது மூன்றாவது வரிசையில் நான்கு பேர் தூங்கியதை நான் இங்கிருந்தே பார்த்தேன். பெயர் சொல்ல மாட்டேன். அதனால் இந்த முறை தலைப்பை நானே மாற்றிக்கொண்டேன்.

ஆடி பிறக்கப் போகிறது. கேரளத்தில் இது கர்க்கடக மாதம். மழைக்காலத்தில் உடம்புக்கு எண்ணெய்ச் சிகிச்சை செய்துகொள்வதும், மருந்துக் கஞ்சி குடிப்பதும் அங்கே பழைய வழக்கம். அந்த வழக்கம் இப்போது சென்னைக்கும் வந்துவிட்டது. நம் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் மட்டும் மூன்று விளம்பரங்கள். "7 நாள் பேக்கேஜ், சீனியர் சிட்டிசனுக்குத் தள்ளுபடி." லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லாம், "சார், நீங்க போயிருக்கீங்களே, போகலாமா?" என்று கேட்கிறீர்கள்.

போகலாம். ஆனால் போகும் முன் தயார் செய்துகொண்டு போகவேண்டும். நான் தயார் செய்யாமல் போனவன். அதனால்தான் பேச வந்திருக்கிறேன்.

நான் வைத்தியன் இல்லை. பி.காம். படித்துவிட்டு 35 வருஷம் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்தவன். எனக்குத் தெரிந்த ஒரே தொழில், படிவத்தில் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதை நிரப்பிக் கொண்டு வரச் சொல்லி ஆளைத் திருப்பி அனுப்புவது. என் கதையும் ஒரு படிவத்தில்தான் ஆரம்பிக்கிறது.

நான் செய்த தப்பு

ஐந்து வருஷத்துக்கு முன்னால், எனக்கு 60 முடிந்தபோது, பிள்ளைகள் சேர்ந்து ஒரு எண்ணெய்ச் சிகிச்சை நிலையத்தில் 7 நாளுக்குப் பணம் கட்டிவிட்டார்கள். எனக்கு வலது தோள் இறுகிப்போய் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. சட்டை போட வீட்டுக்காரி உதவி வேண்டும். அந்தத் தோளுக்காகத்தான் போனேன்.

முதல் நாள் வாசலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, கை கால் மரத்துப்போகிறதா என்று கேள்விகள். எனக்கு அப்போதே 14 வருஷமாகச் சர்க்கரை. காலில் செருப்பு கழன்றால்கூடச் சில சமயம் தெரியாது. ஆனால் எல்லாக் கட்டத்திலும் "இல்லை" என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் என்று இன்று யோசித்தால் மூன்று காரணம். படிக்கும் கண்ணாடி பையின் அடியில் இருந்தது. இரண்டாவது, சர்க்கரை என்று எழுதினால் "டாக்டர் லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவார்கள், பிள்ளைகள் கட்டிய பணம் வீணாகும் என்ற பயம். மூன்றாவது வெட்கம். மேஜையில் இருந்த பெண் சின்னப் பெண். அவள் முன்னால் என் வியாதிகளை வரிசையாக எழுத மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் கிழி வைத்தார்கள். கிழி என்றால் மருந்து இலையோ பொடியோ துணியில் மூட்டையாகக் கட்டி, சூடான எண்ணெயில் தோய்த்து ஒற்றி எடுப்பது. தோளில் வைத்தபோது இதமாக இருந்தது. பிறகு அந்தப் பையன் பாதத்துக்கு வந்தான். "சூடு சரியா இருக்கா சார்?" என்று கேட்டான். நான் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "இன்னும் கொஞ்சம் சூடா இருக்கலாம்பா."

அவன் கேட்டதை மாற்றி யோசித்துப் பாருங்கள். சூடு தெரியாத காலிடம் சூட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறான். அந்தக் கால் எப்படிச் சரியாகப் பதில் சொல்லும்?

மறுநாள் காலையில் ஹாலில் ஈரமாக ஒரு கால்தடம் இருப்பதை என் மனைவி பார்த்தாள். குதிகாலுக்குப் பக்கத்தில் கொப்புளம் வந்து, உடைந்து, நான் அதன் மேலேயே நடந்துகொண்டிருந்தேன். வலியே இல்லை. பத்து வாரம் கட்டுப் போட்டார்கள். சர்ஜன் ஒரு நாள் புண்ணைச் சுத்தம் செய்துகொண்டே, "எலும்பு வரைக்கும் போகல. அது உங்க அதிர்ஷ்டம்" என்றார். அன்று ஆட்டோவில் திரும்பி வரும்போது நானும் மனைவியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

கதையில் இன்னும் ஒரு பகுதி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது விஷயத்துக்கு வருவோம்.

எதற்காகப் போகிறீர்கள்?

முதல் தயாரிப்பு இதுதான். உடம்பு அசதி தீரப் போகிறீர்களா, ஒரு வலிக்கு வைத்தியமாகப் போகிறீர்களா? இரண்டும் வேறு. வெறும் அசதிக்கு என்றால் நல்ல சுத்தமான இடமும் பழகிய கையும் போதும். வலி என்றால், அதிலும் கால் மரத்துப்போவது, கையில் பலம் குறைவது, இரவில் எழுப்பிவிடும் முதுகு வலி என்றால், முதலில் டாக்டர். காரணம் தெரிந்த பிறகு எண்ணெய்.

நம் ஊரில் இது புதுசு ஒன்றும் இல்லை. சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை சொல்கிறார்கள். ஆயுர்வேதத்தில் அப்யங்கம். எண்ணெய் பூசிய குடமும், தோலும், வண்டியின் அச்சும் உறுதியாக உழைப்பதைப்போல உடம்பும் உழைக்கும் என்று சரக சம்ஹிதையில் உவமை சொல்லியிருக்கிறார்கள். நம் மூட்டுகளைப் பார்த்தால் அச்சு உவமை சரி என்றுதான் தோன்றுகிறது.

இவற்றை வைத்தியமாகச் செய்துகொள்ள விரும்பினால், பி.எஸ்.எம்.எஸ். அல்லது பி.ஏ.எம்.எஸ். படித்த மருத்துவர் முதலில் உங்களைப் பார்த்து, எந்த எண்ணெய், எவ்வளவு அழுத்தம் என்று எழுதித் தரும் இடத்துக்குப் போங்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை இருக்கிறது. அங்கே வெளிநோயாளியாக ஒரு தடவை காட்டி, "எனக்கு இது ஒத்துக்குமா?" என்று கேட்டுவிட்டு வருவது நல்லது.

போனில் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே நான்கு கேள்வி கேளுங்கள். மருத்துவர் பார்ப்பாரா? செய்பவர் ஆணா பெண்ணா? கூட ஒருவர் உள்ளே உட்காரலாமா? ஒரு நாள் மட்டும் செய்துகொள்ளலாமா? கடைசிக் கேள்வி முக்கியம். முதல் நாளே 14 நாளுக்குப் பணம் கட்டாதீர்கள். பணம் கட்டிவிட்டால், ஒத்துக்கொள்ளாவிட்டாலும் விட மனசு வராது. என் அனுபவம் அது.

ஒரு தாள் எழுதுங்கள்

வங்கியில் கே.ஒய்.சி. என்று உங்களை எத்தனை தடவை அலைய வைத்திருப்போம். உங்கள் உடம்புக்கும் ஒரு கே.ஒய்.சி. தாள் வேண்டும். அதை வீட்டிலேயே, கண்ணாடி போட்டுக்கொண்டு, நிதானமாக எழுதுங்கள். பெயர், வயது, வியாதிகள், சாப்பிடும் மாத்திரைகள், இதுவரை நடந்த ஆபரேஷன்கள், ஒவ்வாமை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று ஒரு போன் எண். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று அவர்களுக்கு, ஒன்று உங்கள் பையில். எழுதியபின் யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. வெட்கமும் இல்லை.

அந்தத் தாளில் எதை விடவே கூடாது என்று சொல்கிறேன்.

சர்க்கரை. எத்தனை வருஷம், கால் மரத்துப்போகிறதா என்று சேர்த்து எழுதுங்கள். தெரியாவிட்டால் உங்கள் சர்க்கரை டாக்டரிடம் கேளுங்கள். மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் அழுத்தி, தெரிகிறதா என்று பார்ப்பார்கள். ஐந்து நிமிஷ வேலை. மரத்த காலுக்குச் சூடான கிழி வேண்டவே வேண்டாம்.

ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை. ஸ்டென்ட் வைத்தவர்களும், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களும் இதைச் சாப்பிடுவார்கள். பலமாக அழுத்தினால் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும். அதற்காக மசாஜுக்கு முன்னால் நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது இதைவிடப் பெரிய ஆபத்து. மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

எலும்புத் தேய்மானம், அதாவது எலும்பு பலம் குறைந்தது என்று டாக்டர் சொல்லியிருந்தால் எழுதுங்கள். நாள்பட ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களும் இதில் சேர்த்தி. நம் வயதுப் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். முதுகில் ஏறி முழங்கையால் அழுத்துவது அவர்களுக்கு இல்லை.

சில நேரத்தில் போகவே கூடாது. காய்ச்சல் இருந்தால், தோலில் புண்ணோ தொற்றோ இருந்தால், அஜீரணமாக இருந்தால் அன்று வேண்டாம். அஜீரணத்தில் எண்ணெய் கூடாது என்பதை ஆயுர்வேத நூல்களே சொல்கின்றன. புதிதாக ஆபரேஷன் ஆனவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது. புடைத்த நரம்பு உள்ள காலில் அழுத்தித் தேய்க்கக் கூடாது.

இன்னொன்று, இதை நினைவில் வையுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் வலித்து, சூடாக இருந்தால் அது ஆழமான ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். "பிடிச்சு விட்டா சரியாயிடும்" என்று தேய்த்தால் அந்த உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நீண்ட விமானப் பயணம் முடித்துப் பிள்ளைகள் வீட்டிலிருந்து வருகிறவர்களும், ஆபரேஷன் முடிந்து படுக்கையில் இருந்தவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

முந்தைய நாள்

எண்ணெய் என்ன என்று முன்பே கேட்டு, ஒரு சொட்டை முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் அது உங்களுக்கு ஆகாது. பெரும்பாலான தைலங்களுக்கு நல்லெண்ணெய்தான் அடிப்படை. எள் ஒவ்வாத சிலர் இருக்கிறார்கள்.

அன்றைக்கே முகச்சவரம் செய்யாதீர்கள், பெண்கள் வேக்சிங் செய்யாதீர்கள். எண்ணெய் பட்டால் எரியும். வேண்டுமானால் முந்தைய நாளே முடித்துவிடுங்கள்.

போகிற அன்று

சாப்பாடு. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனால் குப்புறப் படுக்க முடியாது. வெறும் வயிற்றோடு போனால், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மயக்கம் வரும். இரண்டு இட்லி மாதிரி லேசாகச் சாப்பிட்டு, ஒன்றரை இரண்டு மணி நேரம் கழித்துப் போகிற மாதிரி அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். காலை பத்து, பத்தரை மணி நம்மைப் போன்றவர்களுக்குச் சரியான நேரம்.

இன்சுலின் போடுகிறவர்கள் கவனியுங்கள். ஊசி போட்ட இடத்தைத் தேய்த்தாலும் சூடு வைத்தாலும் மருந்து வேகமாக ரத்தத்தில் கலந்து சர்க்கரை இறங்கிவிடும். ஊசி எங்கே போட்டீர்கள் என்று சொல்லி, அந்த இடத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். பையில் நாலு சாக்லேட்டோ குளுக்கோஸோ இருக்கட்டும்.

நகை. மோதிரம், வளையல், செயின் எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். தாலிக்கொடியைக் கழற்ற மனசு இல்லாதவர்கள் இருக்கிறீர்கள். அது உங்கள் விருப்பம். ஆனால் கழுத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர்கள் பார்த்துத் தேய்ப்பார்கள்.

காது மெஷின் வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றியே ஆகவேண்டும், எண்ணெய் பட்டால் கெட்டுவிடும். ஆனால் கழற்றினால் அவர் கேட்பது உங்களுக்குக் கேட்காது. அதனால் முன்பே ஒரு சைகை பேசிவைத்துக்கொள்ளுங்கள். கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

துணி பழசாக இருக்கட்டும். எண்ணெய்க் கறை போகாது. ஒரு பழைய துண்டு, பிடிப்புள்ள ரப்பர் செருப்பு, மாற்றுத் துணி, கண்ணாடிக்கு டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷம் முன்னால் போய், பாத்ரூம் போய்விட்டு, கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள். ஓடிவந்து படுத்தால் ரத்த அழுத்தமும் ஏறியிருக்கும், மனசும் நிற்காது.

படுத்த பிறகு

வாயைத் திறந்து பேசுங்கள். நம் தலைமுறைக்குப் பொறுத்துக்கொள்வது ஒரு பழக்கம். "அவர் தெரிஞ்சுதான் செய்வார்" என்று பல்லைக் கடிப்போம். வலி நன்மையின் அடையாளம் இல்லை. 'நன்றாக இருக்கிறது' என்பதைத் தாண்டி 'தாங்கிக்கொள்கிறேன்' என்று மனசுக்குள் சொல்ல ஆரம்பித்தால், அப்போதே நிறுத்தச் சொல்லுங்கள்.

சூட்டை முதலில் உங்கள் கன்னத்திலோ முழங்கை உள்பக்கத்திலோ பார்க்கச் சொல்லுங்கள். காலைக் கேட்காதீர்கள். கூட வந்தவர் தொட்டுப் பார்க்கட்டும்.

கழுத்து. யாரும் உங்கள் கழுத்தைப் பிடித்து "டக்" என்று திருப்ப விடாதீர்கள். சலூனில் சிலர் முடி வெட்டி முடித்ததும் பாசத்தில் அப்படிச் செய்வார்கள். கழுத்து எலும்புக்குள்ளே மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. வேகமாகத் திருப்பினால் அதன் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். தலையைப் பின்னால் ரொம்பச் சாய்ப்பதும் ஆபத்துதான். 1993-ல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் மைக்கேல் வைன்டிராப், பார்லரில் தலையைப் பின்னால் சாய்த்துக் கூந்தல் அலசியபிறகு இப்படிப் பாதிக்கப்பட்ட ஐந்து பெண்களைப் பற்றி எழுதினார். அரிதுதான். ஆனால் அதைத் தவிர்க்க ஒரு வார்த்தை போதும்: "கழுத்தைத் திருப்ப வேண்டாம்."

பெண்களுக்கு ஒன்று. தேய்க்கும் பகுதியைத் தவிர மற்ற இடம் துணியால் மூடியிருக்க வேண்டும். எந்த இடத்தில் கை படக்கூடாது என்று நீங்கள் சொல்லலாம். மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால் காரணம் சொல்லாமலே எழுந்து வந்துவிடலாம். பணம் போனால் போகட்டும். இது ஆண்களுக்கும்தான்.

எழுந்த பிறகு

விபத்து பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. ஒரு மணி நேரம் படுத்திருந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். பிபி மாத்திரையும், புராஸ்டேட்டுக்கு மாத்திரையும் சாப்பிடும் ஆண்களுக்கு இது அதிகம். முதலில் பக்கவாட்டில் திரும்புங்கள். உட்காருங்கள். இரண்டு நிமிஷம் காலைத் தொங்கப் போட்டு இருங்கள். பிறகு நில்லுங்கள்.

நிற்பதற்கு முன்னால் பாதத்து எண்ணெயைத் துடைக்கச் சொல்லுங்கள். டைல்ஸ் தரையில் எண்ணெய்க் கால் என்றால், இடுப்பு எலும்பு உடைய வேறெதுவும் வேண்டாம்.

வண்டி ஓட்டாதீர்கள். கை வழுக்கும், தூக்கம் வரும். ஆட்டோவில் வாருங்கள். அரை மணி, முக்கால் மணி ஊறிய பிறகு வெந்நீரில், அதாவது வெதுவெதுப்பாக, பயத்தமாவோ சீயக்காயோ போட்டுக் குளியுங்கள். பாத்ரூமில் பிடிப்புள்ள மிதியடி போடுங்கள், கதவைத் தாழ் போடாதீர்கள். அன்று மிளகு ரசமும் சாதமும் போதும். குளிர்ந்த பண்டம், பகல் தூக்கம் கூடாது என்று நம் பாட்டிகள் எண்ணெய்க் குளியலுக்குச் சொன்னதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இரவு படுக்கும் முன் பாதத்தையும், சூடு வைத்த எல்லா இடத்தையும் ஒருவர் விளக்கு வெளிச்சத்தில் பார்க்கட்டும். நான் மூன்றாம் நாள் இரவு இதைச் செய்திருந்தால் பத்து வாரம் மிச்சமாகியிருக்கும்.

சங்கத்தின் சார்பில் ஒரு வேண்டுகோள். போன தீபாவளிக்கு மறுநாள் சி பிளாக் தரைத்தள வீடுகளில் பாத்ரூம் தண்ணீர் திரும்பி மேலே வந்தது ஞாபகம் இருக்கிறதா? எல்லோர் வீட்டு எண்ணெயும் குழாயில் போய் உறைந்ததால் வந்தது. குளிக்கும் முன் பழைய துணியாலோ செய்தித்தாளாலோ உடம்பைத் துடைத்து, அதைக் குப்பையில் போடுங்கள். லிஃப்டிலும் எண்ணெய்க் கையோடு பட்டனை அழுத்தாதீர்கள். தரையில் சொட்டியிருந்தால் உடனே செக்யூரிட்டியிடம் சொல்லுங்கள். அடுத்து வழுக்கி விழுவது யாராகவும் இருக்கலாம்.

வீட்டுக்கு ஆள் வரவழைக்கிறவர்கள் கேட்டில் பெயரைப் பதிவு செய்யுங்கள். வீட்டில் தனியாக இருக்கும்போது முதல் தடவை வரவழைக்க வேண்டாம்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

பி பிளாக் மாமி ஒருவர், "எனக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. போகலாமா?" என்று கேட்டார். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போங்கள். அந்த முழங்காலை மடக்கி முறுக்க வேண்டாம் என்று தாளில் எழுதுங்கள் மாமி.

இன்னொருவர், "எண்ணெய் தேய்ச்சா சர்க்கரை குறையும், மாத்திரையை விட்டுடலாம்னு சொல்றாங்களே?" என்றார். யார் அப்படிச் சொன்னாலும் அந்த இடத்துக்கு மறுபடி போகாதீர்கள். உடம்பு இதமாகும், நல்ல தூக்கம் வரும். அதற்காக மாத்திரையை விடக் கூடாது.

மூன்றாவது கேள்வி என் மனைவியே பின் வரிசையிலிருந்து கேட்டாள். "தோள் சரியாச்சான்னு சொல்லவே இல்லையே?" உண்மை. தோள் பிறகு சரியானது. பிசியோதெரபியும், தினமும் சுவரில் விரலை நடக்கவிட்டு ஏற்றும் பயிற்சியும், மாதம் இரண்டு தடவை லேசான எண்ணெய்த் தேய்ப்பும் சேர்ந்து சரியானது. ஆமாம், நான் இப்போதும் போகிறேன். தாளோடு போகிறேன்.

கடைசியாக ஒன்று

விட்ட கதையை முடிக்கிறேன். கொப்புளம் வந்த அன்று என் பையன் கோபத்தில் அந்த நிலையத்துக்குப் போன் செய்து கத்தினான். முதலாளி மன்னிப்புக் கேட்டார். "அந்தப் பையனை விசாரிக்கிறேன் சார்" என்றார். நான் சோபாவில் காலை நீட்டிப் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். படிவத்தில் "இல்லை" என்று எழுதியது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். இன்னும் சூடாக வை என்று சொன்னதும் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிள்ளைகள் முன்னால் முட்டாளாக விருப்பமில்லை.

கட்டுப் பிரித்த பிறகு ஒரு நாள் மனசு கேட்காமல் நேரில் போனேன். முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்தப் பழைய படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். என் கையெழுத்து அழகாக இருந்தது. "பையன் எங்கே?" என்று கேட்டேன். "அப்பவே நிறுத்திட்டோம் சார். ஊருக்குப் போயிட்டான்" என்றார். போன் எண் வாங்கிக் கூப்பிட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

கவுன்டரில் இருந்த காலத்தில் கணக்கு ஒரு ரூபாய் இடித்தாலும் இரவு எத்தனை மணியானாலும் கண்டுபிடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். இந்தக் கணக்கு ஐந்து வருஷமாக இடிக்கிறது. என்னால் நேர்செய்ய முடியவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன். உங்கள் படிவத்தில் மறைக்கும் ஒரு கட்டம் உங்கள் காலை மட்டும் சுடாது. சூடு சரியா என்று அக்கறையோடு கேட்கிற ஒரு பிள்ளையின் வேலையையும் சுடும்.

வாசலில் மேஜையின் மேல் காலித் தாள்கள் வைத்திருக்கிறேன். எல்லாக் கட்டங்களும் போட்டு நானே அடித்துப் பிரதி எடுத்தது. ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டு போங்கள். இன்று சாயங்காலமே, கண்ணாடி போட்டுக்கொண்டு நிரப்புங்கள்.